ஸ்டவுட்டுக்குப் பக்கத்தில் ஐந்து நாள்

"வேணும்னே செஞ்சியாம்மா?"

என் மகள் எங்கள் சமையலறையில் நின்று இப்படிக் கேட்டுச் சில மாதங்கள் ஆகிவிட்டன. நான் அரசாங்கக் கிளினிக்கில் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தாதி. எங்கள் தீவின் இந்த ஜார்ஜ் டவுனில் எத்தனையோ பிள்ளைகளின் தொடையில் ஊசி ஏற்றிய கை இது. வேலையில் என்னைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு வாய் நீளம் என்று சொன்னவர்களும் உண்டு. தெரிந்தே ஒன்றைக் கெடுத்தாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டவள் நான் பெற்றவள். அதுவும் எதற்காக? ஒரு போத்தல் சாராயத்துக்காக.

சாராயம் என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "சாக்கேம்மா. அரிசிய ஊறல் போட்டுச் செய்யறது. காய்ச்சி எறக்கற சரக்கு இல்ல" என்பாள். சரி, சாக்கே. நியாயம் என் பக்கம் என்று காட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலிலிருந்தே சொல்கிறேன்.

மகளுக்கு இருபத்தேழு வயது. பொறியியல் படித்தவள். பாயான் பாருவில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது நான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு போய் வந்தேன். கம்பெனி அவளை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. பயிற்சி எந்திரங்களைப் பற்றியது. அவள் கற்றுக்கொண்டு வந்தது வேறு. தங்கியிருந்த ஊரில் சாக்கே செய்யும் ஆலை ஒன்று இருந்ததாம். ஞாயிறுதோறும் அங்கே போய் நின்றிருக்கிறாள். திரும்பி வந்த ஒன்றரை ஆண்டில் வேலையை விட்டாள். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடு ஒன்றில் நடக்கும் ஜப்பானிய உணவகத்தில் சாயங்கால வேலைக்குச் சேர்ந்தாள். தட்டு தூக்குகிற வேலை.

"எஞ்சினியருக்குப் படிச்சிட்டு எச்சித்தட்டு தூக்கறியா?" என்றேன்.

"இப்ப தூக்கறேன். அப்புறம் ஊத்துவேன்" என்றாள். அதில் என்ன பெருமையோ.

உணவகத்தை நடத்துபவர் அறுபது வயதிருக்கும் ஒரு சீனப் பெண்மணி. சாக்கே முழுவதையும் ஒரே ஆள் பொறுப்பில் விட நினைத்திருந்தார். எதை வாங்குவது, எப்படிப் பாதுகாப்பது, எந்தச் சாப்பாட்டோடு எதைக் கொடுப்பது, எல்லாம் அந்த ஆள்தான். என் மகள் அந்த இடத்தைக் கேட்டாள். அவர் உடனே தலையாட்டவில்லை. "ஜப்பான் சாப்பாட்டோட குடுக்க எல்லாருக்கும் தெரியும். உங்க வீட்டுச் சாப்பாட்டோட குடுத்துக் காட்டு. நான் உங்க வீட்டுக்கே வர்றேன்" என்று ஒரு சனிக்கிழமையைக் குறித்துவிட்டார். அந்த ஒருவேளைச் சாப்பாட்டைப் பொறுத்துத்தான் அவளுக்கு வேலை. அந்தச் சனிக்கிழமை என் தைப்பூச விரதத்துக்குள் வந்து விழுந்தது.

"விரதத்துல மச்சம் சமைக்க முடியாது" என்றேன்.

"வேணாம்மா. சைவத்துலயே காட்டறேன். அதான் கஷ்டம், அதான் நல்லது."

அதற்கு முந்தைய ஒரு மாதம் எங்கள் சாப்பாட்டு மேசை என் கையில் இல்லை. நான் கிளினிக்கிலிருந்து வந்து கால் கழுவுவதற்குள் மேசையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். விரல் நுனியால் பிடிக்கிற அளவு. மூன்று வகைச் சாக்கே. ஒன்று இனிப்பே இல்லாதது. சுடுதண்ணீரில் நிறுத்தி, வெதுவெதுப்பாக்கிக் குடிப்பது. அடுத்தது அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கலாக, இனிப்பாக இருந்தது. மூன்றாவது பச்சைப் போத்தல். மற்ற இரண்டையும் ஆலையிலேயே சூடு காட்டித்தான் அடைப்பார்களாம். இதற்குச் சூடு காட்டுவதில்லை. "இது உயிரோட இருக்கும்மா. எப்பவும் குளுருலயே இருக்கணும்" என்றாள்.

என் ரசத்தை ஒரு மடக்கு குடிப்பாள். கிண்ணத்திலிருந்து ஒரு மடக்கு. கண்ணை மூடுவாள். பிறகு நோட்டில் எழுதுவாள்.

"ரசம் சத்தம் போடுதும்மா."

"என்னாது?"

"பெருங்காயம். வேற ஒண்ணையும் பேச விடல."

அந்த ரசத்தைக் குடித்து வளர்ந்த நாக்கு சொல்கிறது இதை. வந்த கோபத்தில் மறுநாள் பெருங்காயத்தை அடியோடு நிறுத்தி மிளகைக் கூட்டினேன். வெதுவெதுப்பான சாக்கேயோடு அது சேர்ந்துவிட்டது. என் கணவரும் இரண்டையும் குடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே வீட்டுப் புள்ளைங்க மாதிரி இருக்கு லா" என்றார். அவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் ஒரு டின் ஸ்டவுட், அந்தக் கறுப்பு பீர். அதற்கு மேல் ஆசைப்பட மாட்டார், அதை விடவும் மாட்டார்.

இளம் பலாக்காயை மிளகாய் தூக்கலாகப் பிரட்டியபோது கலங்கல் சாக்கே அந்த எரிச்சலை வந்து அணைத்தது. எலுமிச்சை ஊறுகாய் மூன்றையுமே கசக்க வைத்தது. சாம்பார் எதனோடும் சேரவில்லை. "அது தனிக்காட்டு ராஜா, விட்டுடு" என்று தள்ளிவைத்தாள். பச்சைப் போத்தலுக்கு மட்டும் ஜோடி அமையவில்லை. சுண்டல், அவியல், இட்லி என்று இரண்டு வாரம் அலைந்தாள். நான் பள்ளி ஊசி முகாமுக்குப் போகிற அவசரத்தில் தயிர்சாதம் பிசைந்து, மேலே பச்சை மாங்காயைப் பொடியாக அரிந்து போட்டுவிட்டுப் போன நாளில்தான் அது அகப்பட்டது. அன்று சாயங்காலம் நான் வந்ததும் மறுபடி பிசையச் சொன்னாள். ஒரு வாய் சாப்பிட்டாள். ஒரு மடக்கு குடித்தாள். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"மா, இதான். இதான்மா!"

கிண்ணத்தை என் மூக்கருகே நீட்டினாள். "குடிக்க வேணாம், மோந்து மட்டும் பாரு." நீர் நிறைந்த சிவப்பு ஜம்புப் பழத்தை நறுக்கியதும் ஈரமாக ஒரு வாசனை வருமே, அது. பின்னால் லேசாகப் புதுச்சோறு. நான் எதிர்பார்த்த நாற்றம் அதில் இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் எதிர்பார்த்தது சம்சு. சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் என் அண்ணன் தலையணைக்கு அடியில் வைத்திருந்த மலிவுச் சரக்கு. நான் தாதிப் பயிற்சியில் இருந்தபோது அவரை வார்டில் சேர்த்தார்கள். வயிறு வீங்கியிருந்தது, கண் மஞ்சளாகியிருந்தது. முப்பத்திரண்டு வயதில் போனார். அன்றிலிருந்து எனக்குப் பயம் மூக்கு வழியாகத்தான் வருகிறது. மகளுக்கு இதெல்லாம் தெரியும். "மாமா குடிச்சது விஷம்மா. இது அது இல்ல" என்பாள். தாதிக்குத் தெரியாதா எது விஷம், எது இல்லை என்று? ஆனால் என் அண்ணனும் முதல் போத்தலைச் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இனி ஐஸ்பெட்டி விவகாரம். விரதம் தொடங்குவதற்கு முந்தின நாள் நான் ஐஸ்பெட்டியைக் காலி செய்வேன். கோழி, மீன், முட்டை எல்லாம் தீர்ந்திருக்கும், அல்லது பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். மஞ்சள் தண்ணீரில் தட்டுகளைத் துடைப்பேன். கணவரின் ஸ்டவுட் டின்கள் பின்வாசலில், துணி துவைக்கும் எந்திரத்துக்கு மேலே இருக்கும் பலகைக்குப் போகும். தைப்பூசம் முடிகிறவரை அதைக் குளிராமலே குடிப்பார். சாமிக்கு வைக்கிற பாலுக்குப் பக்கத்தில் குடிவகை இருக்கக் கூடாது. இருபது வருஷமாக இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இதில் யாருக்காவது தப்பு தெரிகிறதா?

இந்த ஆண்டு அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் மகள் கோலாலம்பூருக்குக் கிளம்பினாள். சாக்கே சுவை பார்ப்பதற்கென்று ஒரு வகுப்பு, வெள்ளிக்கிழமை வரை. வாசலில் வாடகைக் கார் நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"மா, பச்சைப் போத்தல் ஐஸ்பெட்டியிலயே இருக்கட்டும், என்ன?"

"சரி சரி, கார்க்காரன் நிக்கறான், போ."

நான் அடுப்பில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன்.

பகலில் கணவரின் தம்பி புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் தாண்டி வந்தார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் பந்தியில் இவரைப் பார்க்க முடியாது. வெளியே கார் நிறுத்துமிடத்தில், யாராவது ஒருவருடைய காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நாலு பேரோடு விஸ்கி குடித்துக்கொண்டிருப்பார். சொந்த வீடு போல ஐஸ்பெட்டியைத் திறந்தார்.

"அண்ணி, என்னா இது? வீட்டுலயே பார் தொறந்துட்டீங்களா?"

"உங்க அண்ணன் மவளோடது."

"ஆயோ, பொம்பளப் புள்ளைக்கு மூணு போத்தலா! நாளைக்கிப் பொண்ணு பாக்க வர்றவன் குடிக்கத் தண்ணி கேட்டா எதை ஊத்துவீங்க?"

சொல்லிக்கொண்டே அண்ணனுடைய ஸ்டவுட் ஒன்றை எடுத்து டக்கென்று திறந்தார். என் கணவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் மண்டபத்துக்கு வெளியே வாந்தி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். அவரை ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. விரலளவு கிண்ணத்தில் ஊற்றி, ஒரு மடக்கு குடித்து நோட்டில் எழுதுகிற என் மகள்தான் இவருக்கு வேடிக்கை. இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "டின்ன கீழ வைங்க தம்பி, தரையில ஒழுகுது" என்றதோடு சரி. அந்தக் கோபத்தை யார்மேல் இறக்கினேன் என்பதுதான் மீதிக் கதை.

அவர் போனதும் ஐஸ்பெட்டியைத் துடைத்தேன். ஸ்டவுட் டின்களைப் பின்வாசல் பலகையில் அடுக்கினேன். அப்படியே, சனிக்கிழமைக்கென்று மகள் புதிதாக வாங்கித் திறக்காமல் வைத்திருந்த அந்த மூன்று போத்தலையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். தலைக்கு மேலே தகரக் கூரை. மழை எட்டிப் பார்க்காத மாதம்.

என் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். கிளினிக்கில் தடுப்பூசி மருந்துகள் இருக்கும் ஐஸ்பெட்டிக்கு நான்தான் பொறுப்பு. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்துத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. சில மருந்துக் குப்பிகளின் மேல் சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். சூடு பட்டால் அது கறுக்கும். பிறகு எத்தனை நாள் குளிரில் வைத்தாலும் வெளுக்காது. அந்தப் புதன்கிழமை புதிதாக வந்த தாதி ஒருத்தி மருந்துப் பெட்டி ஒன்றை மேசைமேல் மறந்துவிட்டு, யாரும் பார்க்காமல் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். நான் பிடித்துவிட்டேன். "உள்ள வச்சிட்டா சரியாப் போச்சா? சூடு பட்டத மருந்து மறந்துடுமா?" என்று கத்தியதில் வரிசையில் இருந்த பிள்ளைகள் அழுதார்கள்.

புதன்கிழமை நான் அப்படிக் கத்தினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து துணி எடுக்கப் பின்வாசலுக்குப் போனவள், பச்சைப் போத்தலைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல இருந்தது. சாயங்காலம் மகள் வந்துவிடுவாள். போத்தலைத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸ்பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன். மற்ற இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினேன். முருகனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். விரதத்தின் நடுவே உள்ளே வைக்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமையே அங்கே விட்டிருக்கலாமே என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொள்கிறேன்.

மகள் வந்ததும் முதலில் ஐஸ்பெட்டியைத்தான் திறந்தாள். குனிந்து பச்சைப் போத்தலைத் தொட்டாள். அதற்குள் குளிர்ந்துவிட்டிருந்தது.

"விரதத்துலயும் உள்ளயே வச்சிருக்கியேம்மா" என்று என் தோளில் தலையை முட்டினாள்.

"மொதல்ல போயிக் குளி" என்றேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு உணவகத்துப் பெண்மணி ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார். சாமி மேடையைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன். மேசையில் அவர், மகள், கணவர். நான் விரதம் என்பதால் பரிமாற மட்டும் நின்றேன்.

மிளகு ரசமும் வெதுவெதுப்பான சாக்கேயும் முதலில் போயின. அந்தப் பெண்மணி கிண்ணத்தை இன்னொருமுறை நீட்டினார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பலாக்காய்ப் பிரட்டலுக்கு அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, இது உறைப்பு லா!" என்று சிரித்தார். கலங்கல் சாக்கேயைக் குடித்ததும் சிரிப்பை நிறுத்தி யோசித்தார். அந்த இரண்டு போத்தலும் வெயிலைத் தாங்கிவிட்டிருந்தன. பிறகு தயிர்சாதம் வந்தது. மகள் பச்சைப் போத்தலின் மூடியைத் திருகினாள். உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. ஊற்றினாள். முன்பு தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது இப்போது வெளுத்த மஞ்சளாக இருந்தது. முகர்ந்தாள். நான் நாலடி தள்ளி நின்றேன். எனக்கே வந்தது அந்த வாசனை. ஈரத்தோடு மூலையில் போட்ட துடைப்புத்துணி, அதன்மேல் கருகின கடலை.

அவள் அரை மடக்கு வாயில் வைத்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். விருந்தாளிக்கு ஊற்றியிருந்த கிண்ணத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இத நான் குடுக்க மாட்டேன். கெட்டுப்போச்சு. தயிர்சாதத்துக்கு இன்னிக்கி ஜோடி இல்ல."

அந்தப் பெண்மணி கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தார். "சூடு பட்டிருக்கு. எங்க வச்சிருந்த?"

"ஐஸ்பெட்டியில."

"எப்பவுமா?"

"வாங்கன நாள்லேருந்து."

என் கணவர் உதவி செய்கிற நினைப்பில் வாயைத் திறந்தார். "இல்லையே லா. பின்னால என் ஸ்டவுட்டுக்குப் பக்கத்துலதானே இருந்திச்சி, அஞ்சு நாளா? நேத்திக்குத்தானே அம்மா உள்ள எடுத்து வச்சாங்க."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். மகள் பின்னாலேயே வந்தாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவள் குழாயை மூடிவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"வேணும்னே செஞ்சியாம்மா?"

"என்னா கேள்வி கேக்கற நீ? விரதம் இருக்கறவளப் பாத்துக் கேக்கற கேள்வியா இது? உனக்காகப் பெருங்காயத்த விட்டேன், என் மேசைய விட்டேன். நீ சொன்னது என் காதுலயே விழல."

"சரி சரி, போன்னியே."

"தாளிச்சிக்கிட்டு இருந்தேன்!"

"சரி. தெரியாம வெளிய வச்சே. திரும்ப உள்ள ஏன் வச்சே? எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? கிளினிக்குல இப்படி யாராச்சும் வச்சா விடுவியா நீ?"

புதன்கிழமை நடந்தது அவளுக்குத் தெரியாது. ஆனால் சின்ன வயதிலிருந்து அந்தக் கறுத்த கட்டத்தின் கதையைச் சாப்பாட்டு மேசையில் என் வாயால் கேட்டு வளர்ந்தவள். அவள் மூடின குழாயை நான் மறுபடி திறந்தேன்.

சமையலறை வாசலில் அந்தப் பெண்மணி காலித் தட்டோடு நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார், எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. "அக்கா, தயிர்சோறு இன்னும் இருக்கா?" என்றார்.

நான் போட்டேன். போட்டுக்கொண்டே மலாயில் சொன்னேன். "தப்பு என்னோடது. நான்தான் வெளிய வச்சேன். என் மகள ஒண்ணும் சொல்லாதீங்க."

"உங்க தப்பு உங்களோடது அக்கா. அவ தப்பு அவளோடது." நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு மகளைப் பார்த்தார். "கெட்டத ஊத்தல. நல்லது. ஆனா விருந்தாளி உக்காந்தப்புறமா போத்தல மொத மொதல்ல தொறக்கறது? காலையிலயே தொறந்து பாத்திருக்கணும். ஏன் பாக்கல?"

"அம்மா வச்சிருந்தாங்க" என்றாள். "அதான் பாக்கல."

இன்றும் என்னை உறுத்துவது அவளுடைய கேள்வியைவிட இந்தப் பதில்தான். அவள் செய்த ஒரே தவறு என்னை நம்பியது. அதை வேலை கொடுக்க வந்தவர் முன்னால், குற்றப் பத்திரிகை வாசிப்பது போல, மரியாதையாகச் சொன்னாள்.

"ரெண்டு வாரம் தர்றேன்" என்றார் அவர். "தயிர்சோறு, பச்சைப் போத்தல். அது மட்டும். என் கடையிலயே வச்சிக்கலாம். என் ஐஸ்பெட்டி பூட்டு போட்டது."

பூட்டு! எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. "வேண்டாம்" என்றேன். "இங்கதான். என் வீட்டு ஐஸ்பெட்டியிலதான் இருக்கும்." மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்மணி தோளைக் குலுக்கிவிட்டுத் தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டார்.

மறுநாளே ஒரு வெப்பமானி வாங்கிவந்து ஐஸ்பெட்டிக்குள் வைத்தேன். கதவில் ஒரு தாள் ஒட்டினேன். தேதி, காலை, மாலை, கையெழுத்து. கணவர் அதைப் படித்துப் பார்த்து, "என் ஸ்டவுட்டுக்கும் ஒரு தாள் ஒட்டேன்" என்றார். நான் திரும்பிப் பார்த்ததும் பின்வாசலுக்குப் போய்விட்டார். மகள் புதுப் போத்தல் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிவந்தாள். கடையில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்ததாம். அதை அடித்தட்டில் வைத்தாள். இரண்டு வாரமும் "சாப்பாடு", "துணி", "சாவி" என்று ஒற்றைச் சொல்லில்தான் பேசினாள்.

இரண்டாவது சனிக்கிழமை காலையில், தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பால்குடத்துக்கான பாலை வாங்கிவந்து நடுத்தட்டில் வைத்தேன். கீழே பச்சைப் போத்தல். சாமியிடம் சொல்லிவிட்டேன், அவருக்கு ஆட்சேபம் இருந்திருந்தால் இரண்டு வாரத்தில் தெரிந்திருக்கும். ஆட்சேபம் கொழுந்தனுக்குத்தான். கோயில் பந்தலுக்குக் கயிறு கேட்டு வந்தவர் வழக்கம்போலக் கதவைத் திறந்தார்.

"என்னா அண்ணி இது, சாமிப் பாலுக்குக் கீழ சாராயம்? ஊரு என்னா சொல்லும்?"

"ஊரு மண்டபத்து வாசல்ல உங்க கூடத்தானே நின்னு குடிக்குது, அதயே கேளுங்க. இப்ப கதவச் சாத்துங்க தம்பி, ரெண்டு டிகிரி ஏறிடிச்சி."

அவர் சாத்தினார். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக வெறுங்கையோடு ஐஸ்பெட்டியை விட்டு நகர்ந்தார்.

மத்தியானம் மகள் போத்தலை வெளியே எடுத்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். கதவில் பதினான்கு நாள் தாள், ஒரு வேளைகூட விடவில்லை, ஒருமுறைகூட எட்டைத் தாண்டவில்லை. அவள் அதைப் பார்க்கவே இல்லை. மூடியைத் திருகினாள். கிண்ணத்தில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். முகர்ந்தாள், வாயில் வைத்தாள், நோட்டில் எழுதினாள்.

"தாளப் பாத்திருக்கலாமில்ல?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பாத்தாலும் தொறந்துதான் பாப்பேன்."

"அன்னிக்கி நீ கேட்டியே." நான் துடைப்புத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னேன். "வேணும்னே செஞ்சேனான்னு. நீ சொன்னது காதுல விழுந்திச்சி. மத்தது எனக்கே தெரியலம்மா."

அவள் மூடியைத் திருகி மூடினாள். "தெரியும்மா. அதனாலதான் தொறந்து பாக்கறேன்."

பிறகு கிண்ணத்தை என் மூக்கருகே நீட்டினாள். "இந்தா. மோந்து சொல்லு."

ஜம்பு. பின்னால் புதுச்சோறு. "இருக்கு" என்றேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் அந்தப் பெண்மணி தயிர்சாதத்தை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வேலை கிடைத்தது. உணவகத்தில் சாக்கே குளிரும் பெரிய கண்ணாடி அலமாரியின் சாவி இப்போது என் மகளின் இடுப்பில் தொங்குகிறது. வீட்டிலும் எப்போதும் இரண்டு மூன்று போத்தல் இருக்கிறது. ஒவ்வொன்றையும் நான்தான் காவல் காக்கிறேன், ஒவ்வொன்றையும் அவள் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் ஒருவருக்கு ஊற்றுகிறாள். அவள் செய்வது சரி. என்னிடம் வேலை பழகுகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் சுருக்கென்கிறது.

இன்று காலையும் நாலு டிகிரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் தாளைப் பார்க்காமலேதான் வேலைக்குப் போனாள்.